பழைய நிகழ்பட ஆட்டங்களுக்கான எமுலேட்டர்கள்

எமுலேட்டர் என்பது ஒரு கருவியின் வன்பொருள் செய்யும் வேலைகளை மற்றொரு கணினியில் மென்பொருளாகச் செய்து காட்டும் நிரல் ஆகும். நின்டெண்டோ, சேகா, சோனி போன்ற நிறுவனங்களின் பழைய விளையாட்டுக் கருவிகளுக்காக எழுதப்பட்ட நிகழ்பட ஆட்டங்களை இன்றைய கணினியிலோ கைபேசியிலோ ஆட இது பயன்படுகிறது. ஆட்டத்தின் நிரல் மாற்றி எழுதப்படுவதில்லை. பழைய கருவிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதாக அந்த நிரல் நம்பும்படி, அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் எமுலேட்டர் நடித்துக் காட்டுகிறது.

1990களில் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு வந்த 'டிவி கேம்' கருவிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாமை நகலெடுத்துச் செய்யப்பட்டவை. 'கேசட்' என்று அழைக்கப்பட்ட அட்டைகளைச் செருகி கான்ட்ரா, மாரியோ போன்ற ஆட்டங்களை ஆடியவர்கள் இன்று அவற்றைத் தேடும்போது முதலில் சந்திக்கும் சொல் எமுலேட்டர் என்பதே. எதைத் தேர்வது, எப்படி அமைப்பது, எது சட்டத்துக்கு உட்பட்டது என்பதில் குழப்பம் மிகுதி. தவறான தேர்வால் பல மணி நேர ஆட்டத்தின் சேமிப்பு அழிவதும், கணினிக்குள் தீநிரல் நுழைவதும் உண்டு.

செயல்படும் விதம்

ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியானது. மேலைநாடுகளில் இதன் பெயர் என்இஎஸ். இதில் 6502 மரபைச் சேர்ந்த ரிக்கோ 2ஏ03 செயலி ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. பணி நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. படம் வரைவதற்குத் தனியே ஒரு சில்லு உண்டு. இன்றைய மலிவான கைபேசிகூட இதைவிடப் பல ஆயிரம் மடங்கு திறன் வாய்ந்தது என்பதால் இதை நடித்துக் காட்டுவது எளிது என்று தோன்றும். கடினம் வேகத்தில் இல்லை, ஒத்திசைவில் இருக்கிறது.

செயலி ஒரு துடிப்பை முடிக்கும் நேரத்தில் படச் சில்லு மூன்று புள்ளிகளைக் கடந்திருக்கும். அக்கால நிரலாளர்கள் இந்தக் கணக்கை நம்பியே ஆட்டங்களை எழுதினர். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) ஆட்டத்தில் திரையின் மேற்பகுதியில் மதிப்பெண், நாணயம், நேரம் ஆகியன அசையாமல் நிற்கும். கீழே உலகம் மட்டும் நகரும். திரையை இப்படி இரண்டாகப் பிரிக்கும் வசதி அந்தக் கருவியில் நேரடியாக இல்லை. மேலே தெரியும் நாணயச் சின்னத்தின் அடியில் ஒரு சிறு உருவத்தை மறைத்து வைத்து, படச் சில்லு அதை வரையும் கணம் வரை நிரல் காத்திருக்கிறது. அக்கணம் வந்ததும் நகர்வு மதிப்பை மாற்றுகிறது. இந்த நேரக்கணக்கில் எமுலேட்டர் பிசகினால் மேற்பகுதி நடுங்கும், அல்லது ஆட்டம் காத்திருந்தபடியே உறைந்து நிற்கும்.

பழைய செயலியின் ஒவ்வொரு கட்டளையையும் படித்து அதற்கு ஈடான வேலையைச் செய்வது ஒரு முறை. இது மெதுவானது, ஆனால் பிழை குறைவு. கட்டளைத் தொகுதிகளைப் புதிய செயலியின் மொழிக்கு அவ்வப்போது மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு ஓடவிடுவது மற்றொரு முறை. பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் போன்ற பிற்காலக் கருவிகளுக்கு இரண்டாவது முறை இல்லாமல் போதிய வேகம் கிடைப்பதில்லை. ஆப்பிள் நிறுவனம் ஐபோன் செயலிக் கடையில் இவ்வகை மொழிபெயர்ப்பை அனுமதிப்பதில்லை. 2024 ஏப்ரலில் அக்கடை எமுலேட்டர்களை ஏற்கத் தொடங்கியபோது டெல்டா போன்றவை வந்தன, டால்ஃபின் வரவில்லை. அதற்குக் காரணம் இதுவே.

வன்பொருளை அப்படியே நடிக்காமல், ஆட்டம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் உணர்ந்து அதன் விளைவை நேரடியாகத் தருவதும் உண்டு. 1999 ஜனவரியில் வெளியான அல்ட்ராஎச்எல்இ இவ்வழியில், அப்போது இன்னும் விற்பனையில் இருந்த நின்டெண்டோ 64 கருவியின் ஆட்டங்களைச் சாதாரணக் கணினியில் ஓட்டிக் காட்டிப் பரபரப்பை உண்டாக்கியது. குறிப்பிட்ட சில ஆட்டங்கள் மட்டுமே அதில் ஓடின.

வரலாறு

எமுலேட்டர் என்னும் கருத்து விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளில், வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய 1401 கணினிக்காக எழுதிய நிரல்களைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு இந்த வசதி தரப்பட்டது. புதிய கணினி வாங்குபவர் பழைய நிரல்களை இழக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

நிகழ்பட ஆட்டங்களில் 1997 முக்கியமான ஆண்டு. பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா, ஆர்கேட் ஆட்டங்களுக்கான மேம் மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டார். ஏப்ரலில் வந்த நெஸ்டிகல், அக்காலத்துச் சாதாரணக் கணினிகளிலேயே என்இஎஸ் ஆட்டங்களை முழு வேகத்தில் ஓட்டியது. சூப்பர் நின்டெண்டோவுக்கு இசட்ஸ்நெஸ் எமுலேட்டரும் அவ்வாண்டில் தோன்றியது. இவை பெற்ற புகழ் பெரிது. ஆனால் இன்று இவற்றுள் மேம் மட்டுமே பயன்படுத்தத் தக்கது. இசட்ஸ்நெஸ்ஸின் கடைசிப் பதிப்பு 2007இல் வந்தது. கெடுநோக்குடன் தயாரித்த ஓர் ஆட்டக் கோப்பைத் திறந்தாலே கணினியில் அந்நிய நிரலை ஓட்டிவிடும் பாதுகாப்புக் குறை அதில் இருப்பது 2015இல் தெரியவந்தது. பழைய வழிகாட்டிகள் பல இன்னமும் அதையே பரிந்துரைக்கின்றன.

துல்லியம்

சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு பிஎஸ்நெஸ் என்னும் எமுலேட்டரை எழுதிய, பையு என்ற புனைபெயரால் அறியப்பட்டவர், 2011இல் ஆர்ஸ் டெக்னிகா தளத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ 3.58 மெகாஹெர்ட்ஸ் செயலி கொண்ட ஒரு கருவியைத் துல்லியமாக நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் கணினி தேவைப்படுவது ஏன் என்பதே அதன் பொருள். அதில் காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஸ்பீடி கொன்சாலெஸ் ஆட்டம். அதன் 6-1 கட்டத்தில் ஒரு பொத்தானைத் தொட்டதும், நிரலில் உள்ள பிழையால், எந்தச் சில்லும் இணைக்கப்படாத நினைவக முகவரி ஒன்று மீண்டும் மீண்டும் படிக்கப்படுகிறது. உண்மைக் கருவியில் மின்கம்பிகளில் எஞ்சி நிற்கும் மதிப்பு சிறிது நேரத்தில் மாறுவதால் ஆட்டம் தப்பித்துவிடும். பழைய எமுலேட்டர்களில் அம்மதிப்பு மாறுவதே இல்லை. ஆடுபவர் கடைசிக் கட்டங்கள் வரை வந்து அங்கே நின்றுவிடுவார்.

ஒரு எமுலேட்டர் நன்றாக இருக்கிறதா என்பதை மாரியோவை ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதை இது காட்டுகிறது. புகழ்பெற்ற ஆட்டங்கள் ஓடும்வரை ஆங்காங்கே ஒட்டுப்போட்ட எமுலேட்டர்கள், பெயர் தெரியாத ஆட்டங்களில் தடுமாறும். ஆவணக் காப்பு நோக்கில் அந்தப் பெயர் தெரியாத ஆட்டங்களே முக்கியம். வேறெங்கும் அவற்றை ஆட வழியில்லை.

எனினும் எல்லோருக்கும் உச்சத் துல்லியம் தேவைப்படுவதில்லை. பழைய மடிக்கணினி வைத்திருப்பவர் சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ் பயன்படுத்தினால் பெரும்பாலான ஆட்டங்களில் எந்த வேறுபாடும் காண மாட்டார்.

தேர்வு

முதலில் தீர்மானிக்க வேண்டியது, தனித்தனி எமுலேட்டர்களா அல்லது ரெட்ரோஆர்ச் போன்ற பொது முகப்பா என்பது. ரெட்ரோஆர்ச் தானாக எந்தக் கருவியையும் நடிப்பதில்லை. லிப்ரெட்ரோ என்ற இடைமுகத்துக்கு ஏற்ப மாற்றப்பட்ட எமுலேட்டர்களை 'கோர்' என்ற பெயரில் தனக்குள் ஏற்றி ஓட்டுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி, திரை, ஒலி ஆகியவற்றை ஒருமுறை அமைத்தால் எல்லாக் கோர்களுக்கும் அது பொருந்தும். பட்டியல்களுக்குள் பட்டியலாக நீளும் அமைப்புகள் புதியவரை மிரட்டும் என்பது இதன் குறை. ஒரு கருவியின் ஆட்டங்களை மட்டும் ஆட விரும்புபவருக்குத் தனி எமுலேட்டரே எளிது. நான்கைந்து கருவிகள் என்றால் ரெட்ரோஆர்ச்சைக் கற்கச் செலவிடும் ஒரு மாலை வீண்போகாது.

என்இஎஸ் கருவிக்கு மெசென் சிறந்தது. அதன் இரண்டாம் பதிப்பு சூப்பர் நின்டெண்டோ, கேம் பாய் ஆட்டங்களையும் ஓட்டுகிறது. கேம் பாய் அட்வான்சுக்கு எம்ஜிபிஏ பழைய கணினியிலும் சீராக ஓடும். சேகா மெகா டிரைவுக்கு ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், பிளாஸ்ட்எம் ஆகியன உள்ளன. முதல் பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷனும் மெட்னாஃபெனும், பிளேஸ்டேஷன் 2க்கு பிசிஎஸ்எக்ஸ்2வும், கேம்கியூப், வீ ஆகியவற்றுக்கு டால்ஃபினும் பரவலாகப் பயன்படுகின்றன. பிஎஸ்பி கருவிக்கு 2012இல் வந்த பிபிஎஸ்எஸ்பிபி, டால்ஃபினைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்ரிக் ரீட்கார்டின் ஆக்கம்; நடுத்தர ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இது நன்கு ஓடுவதால் இந்தியாவில் பலருக்கு இதுவே முதல் எமுலேட்டர்.

இரண்டு செயலிகள் ஒருசேர இயங்கும் சேகா சாட்டர்னும், படம் வரையும் பகுதி சிக்கலான நின்டெண்டோ 64உம் நீண்ட காலம் சரிவர நடிக்கப்படாதவை. வெளியான ஆண்டு பழையது என்பதால் ஒரு கருவி எளிது என்று கருதக் கூடாது. பிந்தைய கேம்கியூப் ஆட்டங்கள் சீராக ஓடிய கணினியிலேயே நின்டெண்டோ 64 ஆட்டங்கள் சில நெடுநாள் பிசகிக்கொண்டிருந்தன.

எமுலேட்டரை அதன் ஆக்குநர்களின் தளத்திலிருந்தோ இயக்கு தளத்தின் முறையான செயலிக் கடையிலிருந்தோ மட்டுமே பதிவிறக்க வேண்டும். 'எல்லா ஆட்டங்களும் சேர்த்து' என்ற விளம்பரத்துடன் வரும் தொகுப்புகளில் எமுலேட்டரின் பழைய பதிப்பும் வேண்டாத நிரல்களும் சேர்ந்தே வருவதுண்டு.

ஆட்டக் கோப்புகள்

கேசட்டில் உள்ள சில்லின் உள்ளடக்கத்தைப் படியெடுத்த கோப்பு 'ரோம்' எனப்படும். சன்னி கார்ட் ரீடர், ஜிபி ஆபரேட்டர் போன்ற படிப்பான்களில் கேசட்டைச் செருகினால் அதன் உள்ளடக்கத்தைக் கணினிக்கு மாற்றலாம். படியெடுத்த கோப்பு பிழையற்றதா என அறிய அதன் சரிபார்ப்புக் கூட்டு எண்ணை நோ-இன்ட்ரோ, ரீடம்ப் ஆகிய தரவுத்தளங்களில் உள்ள எண்ணுடன் ஒப்பிடுகின்றனர். முன்னது கேசட்டுகளையும் பின்னது குறுவட்டுகளையும் பதிவு செய்கிறது.

என்இஎஸ் ரோம் கோப்பின் தொடக்கத்தில் 16 பைட் தலைப்பகுதி ஒன்று இருக்கும். ஆட்டம் எந்த வகைக் கேசட்டில் இருந்தது, கூடுதல் சில்லுகள் எவை என்பதை எமுலேட்டருக்குச் சொல்வது அதுவே. அது தவறாக இருந்தால் நல்ல ஆட்டமும் கறுப்புத் திரையாக நிற்கும். எமுலேட்டரைக் குறை சொல்லும் முன் இதைச் சோதிப்பது நல்லது.

குறுவட்டு ஆட்டங்களில் தடுமாற்றம் அதிகம். 'பின்' கோப்பில் தரவும் இசையும் இருக்கும். 'க்யூ' கோப்பு அவை எங்கே தொடங்குகின்றன என்று கூறும் சிறு உரைக்கோப்பு. பின் கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் க்யூ கோப்பால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. க்யூவை விட்டுவிட்டுப் பின்னை நேரடியாகத் திறந்தால் சில ஆட்டங்கள் இசையின்றி ஓடும். இரண்டையும் சிஎச்டி என்ற ஒரே கோப்பாகச் சுருக்குவது இடத்தையும் தொல்லையையும் குறைக்கும். மூன்று வட்டுகளில் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 போன்ற ஆட்டங்களுக்கு, வட்டுக் கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதிய எம்3யு உரைக்கோப்பு ஒன்றைத் தயாரித்து அதையே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் சில எமுலேட்டர்கள் இரண்டாம் வட்டுக்கு வெற்று நினைவக அட்டை ஒன்றைத் தனியே தந்துவிடும்.

ஆர்வலர்கள் செய்த மொழிபெயர்ப்புகள் ஆட்டமாக அன்றி, மாற்றங்களை மட்டும் கொண்ட ஒட்டுக் கோப்பாகவே வெளியிடப்படும். ஜப்பானில் 2006இல் வெளிவந்த மதர் 3, நின்டெண்டோவால் ஆங்கிலத்தில் வெளியிடப்படவே இல்லை. 2008இல் வந்த ஆர்வலர் ஒட்டு வழியாகவே ஜப்பானிய மொழி அறியாதவர்கள் அதை ஆடுகின்றனர். ஒட்டுக் கோப்பு எந்த ரோம் பதிப்புக்காகச் செய்யப்பட்டதோ அதிலேயே இட வேண்டும்.

பயாஸ்

சில கருவிகளில், இயக்கியதும் முதலில் ஓடும் நிறுவனத்தின் நிரல் ஒன்று நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். இதுவே பயாஸ். என்இஎஸ், சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் ஆகியவற்றின் கேசட் ஆட்டங்களுக்கு இது தேவையில்லை. பிளேஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2, சேகா சிடி ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தேவை. கேம் பாய் அட்வான்சுக்கு எம்ஜிபிஏ தானே எழுதிய மாற்று ஒன்றைக் கொண்டுள்ளது. பிபிஎஸ்எஸ்பிபிக்கு எதுவும் வேண்டாம்.

ரெட்ரோஆர்ச்சில் பயாஸ் கோப்பு 'சிஸ்டம்' கோப்புறையில், கோர் எதிர்பார்க்கும் அதே பெயரில் இருக்க வேண்டும். லினக்ஸ், ஆண்ட்ராய்டு போன்றவற்றில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடுகூடக் கோப்பைக் காணாமல் செய்யலாம். கோர் பற்றிய தகவல் பக்கத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது, எது இல்லை என்பது காட்டப்படும். அதைப் பார்க்காமலே ஆட்டம் திறக்கவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம்.

திரை

சூப்பர் நின்டெண்டோ பொதுவாக 256×224 புள்ளிகளில் படம் தந்தது. ஆனால் தொலைக்காட்சியில் அப்புள்ளிகள் சதுரமாக இல்லாமல் சற்றே அகன்று தெரிந்தன. முழுப் படம் ஏறத்தாழ 4:3 விகிதத்தில் அமைந்தது. எமுலேட்டரில் சதுரப் புள்ளிகளாக விட்டால் உருவங்கள் ஒல்லியாகும், அகலத்திரை முழுதும் இழுத்தால் குண்டாகும். 4:3 விகிதத்தைத் தேர்வதே பெரும்பாலும் சரி.

படத்தை முழு எண் மடங்காக மட்டும் பெரிதாக்கும் வசதியும் உண்டு. 1080 வரிகள் கொண்ட திரையில் 224 வரிகளை நான்கு மடங்காக்கினால் 896 வரிகள் வரும். ஐந்து மடங்கு 1120 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே மேலும் கீழும் சிறிது கறுப்பு இடம் விட்டு நான்கு மடங்கில் நிறுத்துவது படத்தைக் கூர்மையாக வைக்கும். உயரத்தில் முழு மடங்கு இல்லாதபோது சில புள்ளிகள் மற்றவற்றைவிடத் தடித்து, திரை நகரும்போது அலைபாயும்.

பழைய குழாய்த் தொலைக்காட்சியின் தோற்றத்தை உருவாக்கும் 'ஷேடர்'களை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் (1991) ஆட்டத்தில் அருவிகள், ஒன்றுவிட்டு ஒன்று அமைந்த செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டுள்ளன. பழைய காம்போசிட் கம்பி வழியே செல்லும்போது அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் நீராகத் தோன்றின. கூர்மையான இன்றைய திரையில் அவை கம்பிவலை போல நிற்கின்றன.

ஐம்பதும் அறுபதும்

ஜப்பான், அமெரிக்கக் கருவிகள் நொடிக்கு ஏறத்தாழ 60 சட்டங்களைத் தந்தன. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் முறைத் தொலைக்காட்சிக்கு 50. பெரும்பாலான ஆட்டங்கள் சட்டத்தை எண்ணியே காலத்தை அளந்ததால், 50 சட்டத்தில் ஓடியபோது மாரியோவும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாயின.

பால் முறைக்காகச் செய்யப்பட்ட ஃபேமிகாம் நகல்களின் கணக்கு இதிலும் சற்று வேறு. அவற்றின் செயலி ஜப்பானியக் கருவிக்கு மிக நெருங்கிய வேகத்தில் ஓட, திரை மட்டும் 50 சட்டங்களில் ஓடியது. எனவே சுருதி ஏறத்தாழ மூலத்தைப் போலவும் தாளம் மெதுவாகவும் இருந்தது. மெசென் எமுலேட்டரின் அமைப்புகளில் இதற்கென்றே 'டெண்டி' என்ற தேர்வு உள்ளது. ரஷ்யாவில் விற்பனையான நகல் கருவியொன்றின் பெயர் அது. அத்தகைய கருவியில் ஆடி வளர்ந்தவருக்கு, எமுலேட்டரில் அமெரிக்கப் பதிப்பு ஓடும்போது பழக்கப்பட்ட இசை அவசரப்படுவதாகத் தோன்றினால் எமுலேட்டரில் பிழை ஏதும் இல்லை. ஆட்டம் உருவாக்கப்பட்ட வேகம் அதுவே.

கட்டுப்பாடும் தாமதமும்

எக்ஸ்பாக்ஸ் வகைக் கட்டுப்பாட்டுக் கருவியில் 'ஏ' கீழேயும் 'பி' வலப்புறமும் இருக்கும். நின்டெண்டோவில் இவை இடம் மாறியிருக்கும். ரெட்ரோஆர்ச் எழுத்தைப் பாராமல் பொத்தானின் இடத்தைக் கொண்டே பொருத்துகிறது. அதை மாற்றாமல் விட்டு இரண்டு நாள் பழகுவது நல்லது, ஏனெனில் விரல்களுக்காக ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் எழுதியிருந்தது இடத்தையே.

பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் பல இடங்களில் சேர்கிறது. தொலைக்காட்சியில் ஆடுவோர் முதலில் அதன் 'கேம் மோட்' அமைப்பை இயக்க வேண்டும். படத்தை அழகுபடுத்தும் செயல்முறைகள் நின்று, பல தொலைக்காட்சிகளில் தாமதம் கண்கூடாகக் குறையும். கம்பியில்லா ஒலிபெருக்கிகள் ஒலியைப் பின்தங்கச் செய்யும்.

இதற்கு மேல் ரெட்ரோஆர்ச்சில் 2018இல் சேர்க்கப்பட்ட 'ரன்-அஹெட்' வசதி உதவும். உண்மைக் கருவியிலேயே பல ஆட்டங்கள் பொத்தானுக்கு ஓரிரு சட்டங்கள் கழித்துத்தான் பதில் தந்தன. எமுலேட்டர் அந்தச் சட்டங்களைத் திரைக்குப் பின்னால் முன்கூட்டியே கணக்கிட்டு, விளைவை முதலில் காட்டிவிடுகிறது. எத்தனை சட்டங்கள் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கணினியில் விசைப்பலகையின் 'பி' விசையால் ஆட்டத்தை நிறுத்தி, குதிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி 'கே' விசையால் சட்டம் சட்டமாக நகர்த்தி, உருவம் அசையும்வரை எண்ண வேண்டும். மூன்றாம் சட்டத்தில் அசைந்தால் இரண்டு என்று வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் அசைவின் தொடக்கமே வெட்டுப்பட்டுப்போகும்.

சேமிப்பு

எமுலேட்டர் பயன்படுத்துவோர் அதிகம் இழப்பது இங்கேதான். சேமிப்பில் இரண்டு வகை உண்டு. ஆட்டமே தன் கேசட்டிலோ நினைவக அட்டையிலோ எழுதுவது ஒன்று. கருவியின் முழு நிலையையும் எந்தக் கணத்திலும் படம்பிடித்தாற்போல் எமுலேட்டர் எழுதிவைக்கும் 'சேவ் ஸ்டேட்' மற்றொன்று.

இரண்டாவது வசதியானது, ஆனால் நிலையற்றது. அது எமுலேட்டரின் உள்ளமைப்பைச் சார்ந்தது என்பதால் புதிய பதிப்புக்கு மாறியபின் திறக்காமல் போகலாம். வேறு எமுலேட்டரில் திறப்பது அரிது. மேலும் பழைய ஸ்டேட் ஒன்றை ஏற்றும்போது அதில் அடங்கிய பழைய கேசட் சேமிப்பும் சேர்ந்தே திரும்பிவரும். அதன்பின் எமுலேட்டரை மூடினால் புதிய சேமிப்பின்மேல் பழையது எழுதப்பட்டுவிடும். நாற்பது மணி நேரம் ஆடிய போக்கிமான் பயணம் இவ்வாறு ஒரே அழுத்தலில் காணாமல் போவது உண்டு. ஸ்டேட் ஏற்றும்போது கேசட் சேமிப்பைத் தொடாமலிருக்கும் தேர்வு ரெட்ரோஆர்ச்சின் சேமிப்பு அமைப்புகளில் உள்ளது.

ஆட்டத்துக்குள் உள்ள சேமிப்பையே நம்பி, ஸ்டேட்டைக் கடினமான இடங்களில் மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது. ஆண்ட்ராய்டில் செயலியின் சொந்தக் கோப்புறைக்குள் சேமிப்புகள் இருந்தால் செயலியை நீக்கும்போது அவையும் அழியும். வெளியே ஒரு கோப்புறையைத் தேர்ந்து வைத்து அவ்வப்போது நகலெடுக்க வேண்டும். பிளேஸ்டேஷன் நினைவக அட்டை ஒன்றின் அளவு 128 கிலோபைட்தான். நகலெடுக்காமலிருக்க இடப் பற்றாக்குறை காரணமாகாது.

ஆர்கேட் ஆட்டங்கள்

ஆர்கேட் ஆட்டங்கள் பல சில்லுகளின் படிகளை ஒரே ஜிப் கோப்பாகக் கொண்டவை. மேம் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது, சரியாகப் படியெடுக்கப்பட்ட சில்லுகள் சேர்ந்து, எதிர்பார்க்கப்படும் கோப்புகளின் பட்டியலும் மாறும். ஆகவே எமுலேட்டரின் பதிப்பும் ரோம் தொகுப்பின் பதிப்பும் ஒத்திருக்க வேண்டும். ஜிப்பின் பெயரை மாற்றினால் ஆட்டம் திறக்காது.

கேப்காம் நிறுவனத்தின் சிபிஎஸ்-2 பலகைகளில் ஆட்டம் மறையாக்கம் செய்யப்பட்டு, அதைத் திறக்கும் சாவி மின்கலத்தால் உயிர்ப்பிக்கப்படும் நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்தது. மின்கலம் தீர்ந்தால் பலகை செத்துவிடும். இதனால் அவற்றுக்குத் 'தற்கொலை மின்கலம்' என்றே பெயர். 2001இல் ஆர்வலர் குழு ஒன்று இந்த ஆட்டங்களை மறைநீக்கம் செய்யத் தொடங்கியது. 2007இல் மறையாக்க முறை முழுமையாகக் கண்டறியப்பட்டது. மேமைத் தொடங்கிய சால்மோரியா அப்பணியில் பங்குகொண்டார். செத்த பலகைகளை மீண்டும் இயக்கவும் அந்த அறிவு பயன்பட்டது.

சட்டநிலை

எமுலேட்டர் எழுதுவதும் ஆட்டக் கோப்பைப் பகிர்வதும் வேறுவேறு. அமெரிக்காவில் சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ், பிளீம் ஆகிய இரு பிளேஸ்டேஷன் எமுலேட்டர் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் இரண்டிலும் சோனிக்கு எதிராகவே முடிவு கூறியது. கனெக்டிக்ஸ் வழக்கில், சொந்த எமுலேட்டரை எழுதுவதற்காகப் பயாஸை நகலெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடு எனக் கொள்ளப்பட்டது. வென்றும் அவை நிலைக்கவில்லை. கனெக்டிக்ஸின் மென்பொருளை 2001இல் சோனியே வாங்கி நிறுத்தியது. வழக்குச் செலவு பிளீமை மூடச் செய்தது. அதே சோனி 2018இல் விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் கருவிக்குள் இருந்தது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற திறந்த மூல எமுலேட்டர்தான்.

புதிய கருவிகளில் நிலைமை கடுமையானது. நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவின்மீது 2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தொடுத்த வழக்கு, அடுத்த மாதமே 24 லட்சம் டாலர் தொகைக்குச் சமரசமாகி, அத்திட்டம் மூடப்பட்டது. அங்கே எழுப்பப்பட்ட மையக் கேள்வி மின்னணுப் பூட்டை உடைப்பது பற்றியது.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரல் ஒன்றைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கு எதிரான காப்பாகத் தற்காலிக நகல் எடுப்பதையும், இயங்கு ஒத்திசைவுக்குத் தேவையான தகவலைப் பெறுவதையும் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்குடன் பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. தன்னிடம் இல்லாத ஆட்டத்தின் ரோமை இணையத்தில் இறக்குவதற்கு இவை இடம் தருவதில்லை. விற்பனையில் இல்லாததால் உரிமை காலாவதியானதாகப் பலர் கருதுகின்றனர். சட்டத்தில் அப்படியொரு வகை கிடையாது. இறக்கிய கோப்பை 24 மணி நேரத்துக்குள் அழித்தால் குற்றமில்லை என்று பழைய தளங்கள் எழுதிவைத்ததும் வெறும் கற்பனை.

மறுபுறம், முறையாக வாங்கவும் வழியில்லை என்பது உண்மையான சிக்கல். அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து இவ்வாட்டங்களை நூலகங்கள் வழங்க விலக்கு கோரப்பட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அதை ஏற்கவில்லை.

தடையின்றிக் கிடைப்பவை

எமுலேட்டரைச் சோதித்துப் பார்க்கச் சிக்கலற்ற ஆட்டங்கள் உள்ளன. பழைய கருவிகளுக்காக இன்றும் ஆட்டம் எழுதுபவர்கள் ரோம் கோப்பையே நேரடியாகத் தருகின்றனர். 2019இல் வெளியான மைக்ரோ மேஜஸ், நான்கு பேர் சேர்ந்து ஆடக்கூடிய என்இஎஸ் ஆட்டம். 40 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்டது. சிறு விலைக்குக் கிடைக்கிறது. கேம் பாய்க்கான டோபு டோபு கேர்ள் இலவசம். அதன் மூல நிரலும் திறந்தே உள்ளது. திரை விகிதம், நிறம், ஒலித் தாமதம் ஆகியவற்றை அளந்து பார்க்க 240பி டெஸ்ட் சூட் என்னும் கட்டற்ற நிரல் மெகா டிரைவ், சூப்பர் நின்டெண்டோ உள்ளிட்ட பல கருவிகளுக்கு ரோம் வடிவில் கிடைக்கிறது. எமுலேட்டரை அமைத்தவுடன் முதலில் திறக்க ஏற்றது அதுவே.